இருநூற்று ஐம்பத்தாறு பீஸ்

முத்துப்பேச்சியின் கையில் எந்தப் பனியனைக் கொடுத்தாலும் முதலில் அதன் உள்புறத்தை வெளியே திருப்புவாள். தனக்கென்று வாங்கக் கடைக்குப் போனாலும் அதே கதைதான். கடைக்காரர் முறைப்பார், அவள் கண்டுகொள்ள மாட்டாள். வெளிப்பக்கம் ஊருக்குக் காட்டத் தைத்தது, தையல் எப்படி என்று உள்பக்கம்தான் சொல்லும் என்பாள். ஏழு வருடம் செக்கிங்கில் நின்ற பழக்கம் அது.

நின்ற என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேசை இடுப்பு உயரம் இருக்கும். முக்காலி கிடையாது. காலை எட்டரைக்கு மேசை முன்னால் நின்றால் மாலை வரைக்கும் நிற்பதுதான் வேலை. தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் திருப்பி, இழுத்து, விளக்குக்கு நேரே பிடித்து, ஓட்டையோ தையல் விட்டதோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட வேண்டும். "எங்க கம்பெனில உக்காந்து வேல பாக்குறது ரெண்டே பேருதான் சார். ஒண்ணு டெய்லரு, இன்னொண்ணு முதலாளி" என்று ஒருமுறை சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் கால் இரண்டும் கணுக்காலுக்கு மேலே வீங்கி, செருப்பின் வார் பதிந்த தடம் காலையில்கூட மறைவதில்லை.

அவள் பிறந்தது விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊர். மிளகாயும் மல்லியும் போட்டு மழையைப் பார்த்திருக்கும் குடும்பம். எண்பத்தாறில் மழை பொய்த்த வருடம், அக்கா ராமுத்தாயும் அத்தான் அழகுமலையும் திருப்பூருக்குப் பஸ் ஏறியபோது பத்தாம் வகுப்பு முடித்திருந்த இவளும் கூடவே ஏறினாள். அனுப்பர்பாளையத்தில் லைன் வீடு. முதல் இரண்டு வருடம் கைமடி வேலை. அதாவது டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுப்பது. பிறகு செக்கிங். அந்த ஏழு வருடத்துக்குள் தனித்தேர்வு எழுதிப் பன்னிரண்டாம் வகுப்பும் தேறிவிட்டாள். எப்போது படித்தாய் என்று கேட்டேன். கரண்ட் போகிற நேரமெல்லாம் மெஷின் நிற்குமே, அப்போது என்றாள்.

நான் அவளைச் சந்தித்தது தொண்ணூற்றைந்தில். குமரன் ரோட்டில் பட்டன், எலாஸ்டிக் விற்கும் கடைக்கு மாடியில் குருசாமி என்பவர் கம்ப்யூட்டர் ஆபீஸ் வைத்திருந்தார். பனியன் கம்பெனிகளுக்கு வேண்டிய புரோகிராம் எழுதிக் கொடுப்பது தொழில். அவரிடம் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வருடம். எனக்கு மங்கலத்துக்குப் பக்கத்தில் ஊர். அப்பா ராத்திரி பகலாகப் பிறத்தியார் தறியில் கூலிக்கு ஓட்டியவர். எங்கள் வளவில் கல்லூரி முடித்து வந்த முதல் ஆள் நான்தான், பி.எஸ்ஸி., கம்ப்யூட்டர் சயின்ஸ். அம்மா வேலாத்தாள் மங்கலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிவிடுவாள். அவள் சொல்வது எனக்கும் பிடிக்கும் என்பதை இங்கே ஒளிக்கப் போவதில்லை.

நாங்கள் கொடுத்த புரோகிராம்களில் முக்கியமானது பண்டல் சீட்டு. துணியை அடுக்கி வெட்டியதும் பாடி தனியாக, கை தனியாகக் கட்டுக் கட்டாகக் கட்டுவார்கள். ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு இருக்கும்: கட்டு எண், சைஸ், எத்தனை பீஸ், எந்த டெய்லருக்குப் போகிறது என்று தமிழில் அச்சாகியிருக்கும். டெய்லர் சீட்டைப் பார்த்துத்தான் எந்தப் பாடியோடு எந்தக் கையை வைத்துத் தைப்பது என்று முடிவு செய்வார். முத்துப்பேச்சி வேலை செய்த கம்பெனியில் இதைப் போட்டுக் காட்டிய முதல் வாரம், செக்கிங்கிலிருந்து அவள் இரண்டு சீட்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு குருசாமியிடம் வந்தாள். இரண்டு கட்டுக்கும் ஒரே எண். முந்நூறு சீட்டுக்குள் அதைக் கண்டுபிடித்திருந்தாள். அது அவள் வேலையே இல்லை.

குருசாமி அன்றைக்கே அந்தக் கம்பெனி முதலாளியிடம் பேசி, அவளை எங்கள் ஆபீசுக்கு அழைத்துக்கொண்டார். மூன்று மாதம் பார்ப்பது, சரிப்படாவிட்டால் செக்கிங் சூப்பர்வைசர் செல்லாத்தாள் திரும்ப எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. எங்கள் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த அவள், தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் நான் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சார், இங்க நாள் முச்சூடும் உக்காரலாமா?" என்று கேட்டாள்.

அவளுக்குக் கொடுத்த வேலையைச் சொல்ல, நான் எழுதிய ஒரு புரோகிராமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குப் பதினொரு கம்பெனி. ஒருவர் சைஸை வயதில் கேட்பார், ஒருவர் அங்குலத்தில் கேட்பார், பல்லடத்துக்காரர் ஒருவருக்கு லாட் நம்பர், அதாவது ஒரு தடவை சேர்த்து வெட்டும் துணியின் எண், பெரிய எழுத்தில் வேண்டும். அதனால் ஒரே புரோகிராம் பதினொரு விதமாக இருந்தது. எங்கேயாவது ஒரு வரி மாற்றினால் பதினொன்றையும் மறுபடி கட்டியாக வேண்டும், அதாவது எழுதியதைக் கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்ற வேண்டும். கையால் செய்தால் ஒரு நாள் போகும், இரண்டு மறந்தும் போகும். ஆகவே அந்த வேலையைச் செய்விக்க ஒரு புரோகிராம் எழுதினேன். அது ஒவ்வொரு கம்பெனியின் புரோகிராமையும் கட்டச் சொல்லும். கட்டியதை ஒரு மாதிரி ஆர்டர் கொடுத்து ஓட்டிப் பார்க்கும். ஓடும்போது அது சொல்வதையெல்லாம் வாங்கிப் படிக்கும். சோதனை ஓட்டத்தில் பாடிக் கட்டும் கைக் கட்டும் ஒத்துப் போகாவிட்டால் சீட்டுக்குக் கீழே "பொருந்தவில்லை" என்று வரும்படி வைத்திருந்தேன். அந்தச் சொல் எங்கேயும் இல்லாவிட்டால் "சரி" என்று போட்டு, ஃபிளாப்பியில் ஏற்றிக் கொடுத்துவிடும். தான் ஒரு வேலையும் செய்யாமல் அடுத்தவரை ஓட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கடைசியில் கணக்குச் சொல்வதால் குருசாமி அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தார். எனக்கு அந்தப் பெயரும் பிடித்தது, மேஸ்திரியும் பிடித்தது. பதினொரு கம்பெனி, பதினொரு சரி என்று திரையில் வரும்போது யாராவது பக்கத்தில் இருக்கமாட்டார்களா என்றிருக்கும்.

மாதிரி ஆர்டர்களை முத்துப்பேச்சி அடித்து வைப்பாள், மேஸ்திரியை ஓட்டுவாள், சரி வந்த ஃபிளாப்பியில் தேதி எழுதி ஒட்டுவாள். முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது மாதம் ஒரு புதன்கிழமை, அனுப்பர்பாளையம் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் மேனேஜர் அய்யாசாமி மாடி ஏறி வந்தார். குழந்தைகள் பனியன் ஒன்றை என் மேசையில் விரித்தார். நாலு வயதுப் பாடிக்கு ஆறு வயதுக் கை தைத்திருந்தது.

"ஏனுங்க குருசாமி, இந்தக் கையை எந்தக் கொழந்தைக்குங்க மாட்டறது? அப்பிடிக் கொழந்தை பொறந்த ஊடு ஒண்ணு காட்டுங்க, நான் போய் மாட்டி உட்டுட்டு வர்றனுங்க."

சத்தம் போடவில்லை. இந்த ஊரில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். நாற்பது டசன் அப்படித் தைத்துவிட்டார்கள். அந்த வாரம்தான் அவர்களுக்கு ஒரு சைஸ் கூடுதலாகச் சேர்த்துப் புது ஃபிளாப்பி கொடுத்திருந்தோம். சீட்டில் கடைசிக் கட்டுகளுக்கெல்லாம் கையின் சைஸ் ஒரு படி தள்ளி அச்சாகியிருந்தது. தப்பு என் புரோகிராமில் இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் தப்பு இருந்தால் பிடிக்கத்தானே மேஸ்திரி?

குருசாமி யார் ஓட்டிப் பார்த்தது என்று கேட்டார். முத்துப்பேச்சி எழுந்து நின்று, தான் ஓட்டியதாகவும் சரி என்று வந்ததாகவும் சொன்னாள். குருசாமி என்னைப் பார்த்தார். நான் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "மேஸ்திரி பொய் சொல்லாதுங்க சார். ஓட்டாம உட்டிருப்பாங்க."

அவள் என்னைப் பார்க்கவில்லை. குருசாமி அவளிடம் மெதுவாக, ஒன்றும் வருத்தப்பட வேண்டாம் அம்மிணி, எல்லாருக்கும் எல்லா வேலையும் அமையாது, சனிக்கிழமையோடு இங்கே முடித்துக்கொள், திங்களிலிருந்து செல்லாத்தாளிடம் போய்விடு, நான் சொல்லி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அய்யாசாமியைச் சமாதானம் செய்ய அவர் கம்பெனிக்கே கூடப் போனார்.

அறையில் நாங்கள் இரண்டு பேர். அவள் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அதே ஆர்டரை, அதே புரோகிராமை எடுத்து என் கண் முன்னால் மேஸ்திரியை ஓட்டினாள். திரையில் "சரி" என்று வந்தது. பிறகு மேஸ்திரியை விட்டுவிட்டு அந்தப் புரோகிராமைத் தனியாக ஓட்டினாள். பதினேழாவது கட்டிலிருந்து வரிசையாக "பொருந்தவில்லை, பொருந்தவில்லை" என்று நாலு முறை வந்தது.

"இப்ப யாரு சார் பொய் சொல்லுதா?" என்றாள்.

அப்போதே எழுந்து குருசாமியைத் தேடிப் போய் நான் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு போய்ச் சொன்னால் கௌரவமாக இருக்கும் என்று என் மனம் எனக்கே சாக்குச் சொன்னது. வியாழக்கிழமை மதியம் வரை மேஸ்திரியின் நிரலை வரி வரியாகப் படித்தேன். எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. நான் எழுதியதை நானே படித்தால் வேறு எப்படித் தெரியும்?

மதியம் தூக்குச்சட்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்த முத்துப்பேச்சி கேட்டாள்: "சார், இந்த மேஸ்திரிக்கு யாராச்சும் மாப்பிள்ளை விட்டுப் பாத்தீகளா?"

எனக்குப் புரியவில்லை. அவள் செக்கிங்கில் நடப்பதைச் சொன்னாள். செல்லாத்தாள் தன் அலமாரியில் நாலைந்து டேமேஜ் பீஸை ஒளித்து வைத்திருப்பாளாம். ஓட்டை எங்கே என்று அவளுக்கு மட்டும் தெரியும். நாளுக்கு ஒருமுறை, யாருக்கும் தெரியாமல் ஏதாவது ஒரு கட்டுக்குள் அதில் ஒன்றைச் செருகிவிடுவாள். அந்தப் பீஸுக்குப் பெயர் மாப்பிள்ளை. கூப்பிடாமல் வந்து உட்கார்ந்திருப்பார், கவனிக்காமல் விட்டால் பொல்லாப்பு. கட்டு முடிந்து வரும்போது மாப்பிள்ளை ஸ்டிக்கர் இல்லாமல் வந்துவிட்டால் செல்லாத்தாள் திட்டமாட்டாள். "ஏனுங் கண்ணு, மாப்பிள்ளைக்கு எலை போட்டீங்களா?" என்று கேட்பாள். அவ்வளவுதான், தவறவிட்டவள் சாயங்காலம் வரைக்கும் மொத்த மேசையின் வாயிலும் விழுவாள்.

"நல்ல பீஸை நல்லதுன்னு சொல்றதுக்கு ஆளு எதுக்கு சார்? கெட்டதக் கெட்டதுன்னு சொல்லுதான்னுல்ல பாக்கணும்" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். மேஸ்திரி சரியான புரோகிராமைச் சரி என்று சொல்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் பூரித்திருந்தேன். தப்பை அதன் வழியில் வேண்டுமென்றே வைத்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

சோதனைக்கு வைத்திருந்த மாதிரி ஆர்டரில் இருபது கட்டு. அவள் முதல் கட்டில் கையின் சைஸை வேண்டுமென்றே மாற்றி வைத்தாள். மேஸ்திரி பிடித்துவிட்டது. அதைச் சரிசெய்துவிட்டு ஐந்தாவது கட்டில் மாப்பிள்ளையை வைத்தாள். பிடித்தது. பத்தில் வைத்தாள். பிடித்தது. பதினைந்தில் வைத்தாள். "சரி" என்றது. பதினொன்றில் பிடித்தது. பன்னிரண்டில் கோட்டைவிட்டது. பன்னிரண்டாவது கட்டிலிருந்து அதற்குக் காது கேட்கவில்லை.

பன்னிரண்டாவது கட்டில் அப்படி என்ன இருக்கிறது? ஆறு வயது சைஸ், இருபத்து நாலு பீஸ், டெய்லர் பெயர் நஞ்சப்பன். சைஸை மாற்றினாள், கேட்கவில்லை. எண்ணிக்கையை மாற்றினாள், கேட்கவில்லை. நஞ்சப்பனை எடுத்துவிட்டு ராமர் என்று போட்டாள். மேஸ்திரிக்குக் காது திறந்தது. பன்னிரண்டாவது கட்டையும் பிடித்தது, பதினேழிலிருந்து இருபது வரை அய்யாசாமியின் பனியனில் கையை நீட்டிய நாலு தப்பையும் பிடித்தது.

மாதிரி ஆர்டரில் முதல் இரண்டு மாதமும் அவள் போட்டுவந்ததெல்லாம் தன் லைன் வீட்டுப் பெயர்கள்: ராமர், அழகுமலை, ராமுத்தாய். மூன்றாவது மாதம்தான் அய்யாசாமியின் கம்பெனி டெய்லர் பட்டியலையே கொடுத்து இதைப் போடு என்றார் குருசாமி. எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு நஞ்சப்பன் மேல்தான் விழ வேண்டும்.

"எங்க ஊரு ஆளுன்னா ஒழுங்கா கேக்கு. உங்க ஊரு ஆளு பேரைக் கேட்டதும் ஒங்க மேஸ்திரி தூங்கப் போயிருதாரு" என்று சொல்லிவிட்டு, அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். பூஜ்யம் முதல் இருநூற்று ஐம்பத்தைந்து வரை இருநூற்று ஐம்பத்தாறு இடம். கீழ்ப்பாதியில் இங்கிலீஷ் உட்கார்ந்திருக்கிறது. மேல்பாதியில் காலியாகக் கிடந்த இடங்களில், கோயம்புத்தூரில் நாங்கள் விலைக்கு வாங்கிய தமிழ் எழுத்தை ஏற்றியிருந்தார்கள். அதன் அட்டவணையை எடுத்து, நஞ்சப்பனின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் எண் பார்த்தேன். ஞ இருந்த இடம் கடைசி. இருநூற்று ஐம்பத்தைந்து.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மேஸ்திரி எழுத்தெழுத்தாகப் படிக்கும்போது, இனி ஒன்றும் இல்லை என்பதற்கு ஓர் அடையாளம் வரும். அந்த அடையாளம் கழித்தல் ஒன்று. வருவதை வாங்கி வைக்க நான் ஒதுக்கிய பெட்டி சின்னது. அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருநூற்று ஐம்பத்தைந்துக்கும் கழித்தல் ஒன்றுக்கும் முகம் ஒன்று. ஞ வந்ததும் எல்லாம் முடிந்தது என்று மேஸ்திரி புத்தகத்தை மூடிவிட்டது. பெட்டி பெரியதாக இருக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சையில் அதற்கு இரண்டு மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன்.

நிரலில் ஒரே ஒரு சொல்லை மாற்றிப் பெட்டியைப் பெரிதாக்கினேன். நஞ்சப்பனோடு ஓட்டினோம்; தப்பைப் பிடித்தது. நான் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தேன்.

"மத்த எண்ணெல்லாம் பாத்தாச்சா சார்?" என்றாள் அவள்.

தேவையில்லை, காரணம் தெரிந்துவிட்டது என்று விளக்கினேன். கட்டில் ஒரு பீஸில் ஓட்டை கிடைத்தால் மிச்சத்தைப் பார்க்காமல் பேக்கிங்குக்கு அனுப்புவீர்களா என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்காக ஒரு குட்டிப் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஒரு எண்ணைச் சொன்னால் அந்த எண்ணுக்குரியதை மட்டும் துப்பும். அதற்கு அடுத்த வரியில் "பொருந்தவில்லை" என்று சொல்லும். அதை மேஸ்திரியிடம் ஓட்டக் கொடுப்பது. மேஸ்திரி சரி என்று சொன்னால் ஏமாந்துவிட்டது என்று அர்த்தம். அவள் ஒரு நோட்டில் பூஜ்யம் முதல் கோடு போட்டுக்கொண்டாள். பைக்குள்ளிருந்து செக்கிங் ஸ்டிக்கர் தாள் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

அன்றைக்கு எங்கள் ஆபீஸ் கேலிக்கூத்தாகத்தான் இருந்தது. ஏழாம் எண் கணீரென்று மணி அடித்தது. அவள் சந்தேகப்பட்டு நாலைந்து தடவை அடித்ததில், கீழே பட்டன் கடைக்காரர் நஞ்சப்பன் (பேரைப் பார்த்தீர்களா) படியேறி வந்து, மேலே ஏதாவது பூசையா என்று விசாரித்துப் போனார். ஒரு எண் திரையில் ஸ்பேடு போட்டது, ஒன்று சிரித்த முகம் போட்டது. நோட்டில் கோடு ஒவ்வொன்றாக நிறைந்தது. சனிக்கிழமை பத்து மணிக்கு முதல் சுற்று முடிந்தபோது நோட்டில் ஒரே ஒரு சிவப்பு அம்பு இருந்தது, இருபத்தாறாம் எண்ணுக்கு நேரே. அந்த எண் வந்தால் எழுத்து முடிந்தது என்று எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பழைய வழக்கம். ஆனால் சீட்டில் அது வரவே வராது என்றேன்.

"வராதுன்னு யாரு சொன்னா? அந்த எரநூத்தம்பத்தஞ்சும் வராதுன்னுதான இருந்தீக?"

அதையும் திருத்தினேன். அய்யாசாமியின் சீட்டில் கை தள்ளிப்போன தப்பையும் அதற்குள் சரிசெய்து வைத்திருந்தேன்.

பதினொரு மணிக்குக் குருசாமி வந்தார். செல்லாத்தாளிடம் பேசிவிட்டதாகவும், திங்களன்று எட்டரைக்கு வந்துவிடச் சொன்னதாகவும் அவளிடம் சொன்னார். அவள் சரிங்க சார் என்றாள். நான் எழுந்தேன்.

"சார், புதன்கிழமை நாஞ் சொன்னது தப்புங்க. அவங்க ஓட்டித்தான் பாத்தாங்க. மேஸ்திரிதான் சரியாப் படிக்கல. அதுல தப்பு என்னோடதுங்க. அதைக் கண்டுபிடிச்சதும் அவங்கதானுங்க."

நடந்ததையெல்லாம் சொன்னேன். குருசாமி நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இதைப் புதன்கிழமையே சொல்லியிருக்கலாமே என்று என்னிடம் ஒரு வார்த்தைதான் கேட்டார். அவளைப் பார்த்து, ரொம்ப நல்ல காரியம் அம்மிணி, மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், இப்போது அய்யாசாமிக்குத் திருத்திய ஃபிளாப்பியில் தேதி போட்டுக் கொடு, திங்கள் காலை அவர் அடுத்த லாட் வெட்டுகிறார் என்றார்.

அவள் ஃபிளாப்பியைத் தொடவில்லை. "இதுவரைக்கும் ஒரு பக்கம்தான் சார் பாத்துருக்கு" என்றாள். முதல் சுற்றில் எண் ஒரு வரியிலும் தப்பு அடுத்த வரியிலும் இருந்தது. இரண்டும் ஒரே வரியில் வந்தால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. அதற்கும் இருநூற்று ஐம்பத்தாறு உண்டு. குட்டிப் புரோகிராமை அதற்கேற்ப மாற்றி, ஞாயிறு போக, முடிக்கப் புதன்கிழமை ஆகும்.

குருசாமிக்கு முகம் மாறியது. "அதுவரைக்கும் அய்யாசாமிகிட்ட யாரு பேச்சு வாங்கறது? இன்னொருக்கா அவுரு படியேறி வந்தா நான் இந்தக் கடைய மூடிட்டுப் போகோணும்."

அவள் மெல்லிய குரலில், "நீங்க குடுங்க சார், உங்க ஆபீஸு. நா பாத்தேன்னு மட்டும் எழுத மாட்டேன்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நானும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு நெஞ்சுரம் இல்லை. ஆனால் ஃபிளாப்பியை எடுத்துக் கொடுக்கவும் என் கை போகவில்லை. குருசாமியே போனை எடுத்து, புதன்கிழமை வரைக்கும் சீட்டைக் கையாலேயே எழுதிக்கொள்ளும்படி அய்யாசாமியிடம் சொன்னார். அந்தப் பக்கம் அவர் என்னென்ன சொன்னாரோ, இவர் ஆமாங்க, இல்லீங்க என்று இரண்டு மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு எங்கள் இருவரிடமும் பேசாமல் படியிறங்கிப் போய்விட்டார். திங்களன்று அவள் எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை நான் வழக்கத்துக்கு முன்னால் வந்தேன். எட்டரை ஆனது. அவள் வரவில்லை. செல்லாத்தாளின் மேசை முன்னால் நின்றுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். எட்டே முக்காலுக்குப் படியில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. அனுப்பர்பாளையம் ஸ்டாப்பில் பழைய கம்பெனிப் பக்கம் போகும் பஸ் ஒன்றை விட்டுவிட்டாளாம், அப்புறம் இங்கே டவுனுக்கு வரும் பஸ் ஒன்றையும் விட்டாளாம். "மூணாவதா வந்தது இங்கிட்டு வந்துச்சு, ஏறிட்டேன்" என்றாள். சிரிக்கவில்லை. குருசாமி உள்ளறையில் இருப்பது தெரிந்தும், உட்கார்ந்து நோட்டை விரித்து இரண்டாவது சுற்றை ஆரம்பித்தாள்.

முதல் எண் பூஜ்யம். அதே வரியில் "பொருந்தவில்லை". மேஸ்திரி "சரி" என்றது.

இரண்டாவது தடவையும் ஓட்டினாள். சரி. என் பக்கம் திரையைத் திருப்பினாள். வரிக்குள் பூஜ்யம் வந்தால், அந்த வரியில் அதற்கு மேல் தேட மாட்டேன் என்று மேஸ்திரி நின்றுவிடுகிறது. சீட்டில் பூஜ்யம் எங்கே வரப்போகிறது என்று வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். பல்லடம் கம்பெனிக்கு லாட் நம்பர் பெரிய எழுத்தில் வேண்டும் என்று சொன்னேனே, பெரிய எழுத்தை நிறுத்து என்று பிரிண்டருக்கு அனுப்பும் கட்டளையில் ஒரு பூஜ்யம் உண்டு. அவர்களுடைய சீட்டில் மட்டும் அந்த வரியிலேயே, அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால்தான் "பொருந்தவில்லை" வரும். அந்தக் கம்பெனி சொன்னதை மேஸ்திரி ஒரு நாளும் முழுதாகக் கேட்டதில்லை.

திருத்திவிட்டு பதினொன்றையும் ஓட்டினேன். பத்து சரி. பல்லடம், பொருந்தவில்லை. அய்யாசாமிக்குச் சைஸ் சேர்த்த வாரம்தான் பல்லடத்துக்கும் சேர்த்திருந்தோம். அங்கேயும் கை ஒரு படி தள்ளி நின்றது. அவர்கள் லாட் வெட்டுவது வியாழக்கிழமை.

குருசாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையைப் பார்த்தார், நோட்டில் பூஜ்யத்துக்கு நேரே அவள் அப்போதுதான் ஒட்டியிருந்த அம்பைப் பார்த்தார். போனை எடுத்துப் பல்லடத்துக்காரரிடம், புது ஃபிளாப்பி வரும் வரை வெட்ட வேண்டாம் என்று சொன்னார். வைத்துவிட்டு இன்னொரு நம்பர் சுழற்றினார்.

"செல்லாத்தாக்கா, குருசாமி பேசறனுங்க. அந்தப் பேச்சிப் புள்ள இனி அங்க வராதுங்க. ஆமாங்க, ஒரேயடியாத்தானுங்க. அதுக்குப் பதிலா வேற ஆள் பாத்துக்குங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "எங்கீங்க, நானா அதை வேலைக்கு வெச்சிருக்கறேன்? அது சொன்னாத்தான் இங்கிருந்து ஃபிளாப்பி வெளிய போகும்போல இருக்குதுங்க" என்றார்.

முத்துப்பேச்சி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கண்ணோரத்தை முந்தானையால் ஒருமுறை ஒற்றிக்கொண்டாள். நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டாள்.

"சார், சைபரு சரியாயிட்டுல்ல? ஒண்ணைப் போடட்டுமா?"